பீரோவுக்குப் பின்னாடி சுவர் முழுக்கக் கருப்புப் பூசணம், புகை போட்டு பெயிண்ட் அடிச்சா போதுமா?

மாந்தோப்பு_வீடு:
காவேரிப்பட்டணம் பக்கம் தரைத்தள வீடு, கட்டி 11 வருஷம். கருங்கல் அஸ்திவாரம், மேல 9 இஞ்ச் செங்கல் சுவர். படுக்கையறை மூலையில பீரோவை நகர்த்திப் பார்த்தா பின்னாடி 5 அடி உயரம், 4 அடி அகலத்துக்குக் கருப்புப் பூசணம். தரையிலிருந்து 2 அடி வரைக்கும் பட்டி பொரிஞ்சு வெள்ளையாப் பொடி கொட்டுது. பீரோ நிக்கிற சுவருக்கு மறுபக்கம் பாத்ரூம். பக்கத்து வடக்குச் சுவருக்கு வெளியே 40 அடி தள்ளி வாய்க்கால் பாசன வயல்.

8 வயசுப் பையனுக்கு 3 வாரமா விடியக்காலை இருமல். அம்மாவுக்குச் சர்க்கரை, அவங்களும் அதே ரூம்லதான் படுக்கிறாங்க. காண்ட்ராக்டர் ஒருத்தர் மருந்துப் புகை போட்டு ஆன்டிஃபங்கல் பெயிண்ட் ரெண்டு கோட் அடிச்சா சரியாகும், 24,000 ஆகும்னு சொல்றார். கொரோனா சமயத்துல சொன்ன கருப்புப் பூஞ்சை இதுதானான்னு வீட்ல ஒரே பயம். என்ன பண்றது?

ரசமட்டம்:
அந்த 24,000-ஐ இப்போதைக்குக் குடுக்காதீங்க. புகையில பூசணம் சாகலாம், ஆனா செத்தது சுவரை விட்டுப் போகாது. அலர்ஜி கொடுக்க அது உயிரோட இருக்கணும்னும் இல்ல. ஈரச் சுவர் மேல பெயிண்ட் அடிச்சா அடுத்த ஐப்பசி மழைக்குள்ள அப்பளம் மாதிரி உப்பிக்கிட்டு உரியும். தண்ணி எங்கிருந்து வருதுன்னு சொல்லாம ரேட் மட்டும் சொல்றவர்கிட்ட வேலை கொடுக்கிறதுல அர்த்தமே இல்ல.

உங்க சுவர்ல ரெண்டு சங்கதி கலந்திருக்கு. கீழ கொட்டுற வெள்ளைப் பொடி பெரும்பாலும் உப்பு. தண்ணி தெளிச்சுப் பாருங்க, கரைஞ்சு காணாமப் போனா உப்பு, கரையாம அப்படியே ஒட்டிக்கிட்டிருந்தா பூசணம். நம்ம பக்கத்து போர் தண்ணி உப்புத் தண்ணி. அதுலயே கலவை போட்டு, அதுலயே தண்ணி காட்டின சுவர்ல தரை ஈரம் ஏறினா அந்த உப்பைக் கரைச்சு மேல தள்ளும். தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் பூச்சுக்குள்ள தங்கி பட்டியை வெடிக்க வைக்கும். மேல இருக்கிற கருப்பு வேற கதை. பீரோவைச் சுவரோட ஒட்டி வச்சா பின்னாடி காத்தே ஓடாது, குளிர்ந்த சுவர்ல ரூம் காத்து பட்டு வேர்க்கும், பூசணத்துக்கு அது போதும்.

முதல்ல மூணு சோதனை. ஒண்ணு, சமையலறை அலுமினியத் தாளை ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, ரெண்டு சுவர்லயும் 1 அடி உயரத்துல ஒண்ணு, 4 அடி உயரத்துல ஒண்ணு, நாலு ஓரமும் காத்துப் போகாம டேப் ஒட்டுங்க. பொரிஞ்ச பட்டியில டேப் நிக்காது, அந்த இடத்தைச் சுரண்டிட்டு ஒட்டணும். 48 மணி நேரம் கழிச்சு எடுங்க. சுவர்ப் பக்கம் முத்து முத்தா நீர் இருந்தா ஈரம் சுவருக்குள்ளிருந்து வருது. ரூம் பக்கம் இருந்தா காத்திலிருந்து. ரெண்டு, ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மோட்டாரும் போடாம, டேங்க்ல நீர் மட்டத்துக்குக் கோடு போட்டு 8 மணி நேரம் விடுங்க. இறங்கியிருந்தா சுவருக்குள்ள போற பைப்ல கசிவு. மூணு, பாத்ரூம் தரையில தண்ணி போற ஓட்டையைத் துணியும் பாலித்தீனும் வச்சு அடைச்சு, ஒரு இஞ்ச் தண்ணி தேக்கி 12 மணி நேரம் பாருங்க. பக்கத்துல ஒரு தட்டுல அதே ஒரு இஞ்ச் உயரத்துக்குத் தண்ணி வைங்க, ஆவியாகிறது எவ்வளவுன்னு அதுல தெரிஞ்சிடும்.

சோதனை முடியற வரைக்கும் சுவரைத் தேய்க்க வேண்டாம். அந்த ரூமை மூடிட்டுப் பையனையும் அம்மாவையும் இன்னைக்கே வேற ரூமுக்கு மாத்துங்க.

தென்பெண்ணைக்கரை:
இதுக்கு ஏன் இவ்வளவு? ப்ளீச்சிங் பவுடரைக் கரைச்சு அடிங்க, மறுநாளே வெள்ளை வெளேர்னு ஆயிடும். பாத்ரூமுக்கு வாங்கி வச்ச ஆசிட்டையும் கொஞ்சம் சேர்த்தா உப்பும் போயிடும்.

ரசமட்டம்:
தயவுசெஞ்சு அந்த ரெண்டாவது யோசனையை யாரும் பண்ணாதீங்க. ப்ளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல ஆளையே சாய்ச்சிடும். வினிகர், அமோனியா கலந்த கிளீனர், எதோடயும் ப்ளீச் சேரக்கூடாது.

வெள்ளை ஆகும்னு சொன்னது நிஜம், நிறம் போயிடும். டைல்ஸ், கண்ணாடி, ஸ்டீல்னா சரி. பூச்சுச் சுவர்ல குளோரின் மேலாகவே தீர்ந்துடும், கூட வந்த தண்ணி மட்டும் உள்ளே இறங்கும். வேர் விட்ட பூசணத்துக்கு நாமளே தண்ணி ஊத்தின மாதிரி.

மூச்சுக்கணக்கு:
உடம்பு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

2021-ல் பேசப்பட்ட கருப்புப் பூஞ்சை, மியூகோர்மைகோசிஸ் என்ற தொற்று. தொற்றிய இடத்தில் சதை செத்துக் கறுப்பதால்தான் அந்தப் பெயர். சுவரில் பார்க்கும் கறுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சுவர்ப் பூசணத்தின் நிறத்தை வைத்து அது எந்த வகை, எவ்வளவு ஆபத்து என்று யாராலும் சொல்ல முடியாது. வகை கண்டுபிடிக்கப் பணம் செலவழிப்பதும் வீண், எந்த வகையானாலும் அகற்றத்தான் போகிறீர்கள். இருந்தாலும் அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் அந்த அறையும் வேண்டாம், சுத்தம் செய்யும்போது வீட்டிலும் இருக்க வேண்டாம். கன்னத்தில் ஒரு பக்க வலி, முகத்தில் மரத்துப்போதல், மூக்கிலிருந்து கறுப்பாக ஒழுகுதல் இருந்தால் அன்றே மருத்துவமனை.

பையனுக்கு 3 வாரம் என்பது சாதாரணச் சளியின் கெடுவைத் தாண்டிவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் நம் ஊரில் காசநோயை முதலில் விலக்கிவிட வேண்டும். அந்தப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். அடுத்தது ஆஸ்துமா. விடியக்காலையில் கூடுதல், ஓடினால் இருமல், பாட்டி ஊருக்குப் போனால் குறைவு, திரும்பி வந்தால் மறுபடி: இந்த வரிசை இருந்தால் மருத்துவரிடம் தேதியோடு எழுதிக் காட்டுங்கள். 8 வயதுக்கு ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி செய்யலாம். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுப்பதற்கு முன் ஒருமுறை, கொடுத்து 15 நிமிடம் கழித்து ஒருமுறை.

இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் ஸ்பேசர் என்ற குழலை அதோடு மாட்டியே கொடுங்கள், இல்லாவிட்டால் மருந்தில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே நின்றுவிடும். ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பிறகு வாய் கொப்புளித்துத் துப்ப வேண்டும். அறையைச் சுத்தம் செய்த மறுவாரமே இருமல் நின்றது என்று நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் தொல்லை இல்லாமல் போன பிறகுதான் மருத்துவர் அளவைக் குறைப்பார். இன்ஹேலர் ஒழுங்காகப் போட்டும் ஆஸ்துமா அடங்கவில்லை என்றால் ரத்தத்தில் ஒவ்வாமையைக் காட்டும் ஐஜிஇ மொத்த அளவு, ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கான ஐஜிஇ இரண்டும் பார்க்கச் சொல்வார்கள். அதற்கு முன்னால் பூஞ்சைக்கொல்லி மாத்திரை, ‘நச்சு நீக்கும்’ பொடி எதுவும் தேவையில்லை. ஓத வாடை போகச் சாம்பிராணி போடுவது, கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவது இரண்டையும் அந்த வீட்டில் நிறுத்துங்கள். வாடை மறையும், மூச்சுக்குழாய் இன்னும் சுருங்கும்.

மல்பெரி_நிழல்:
பக்கத்துல பட்டுப்புழு வளர்ப்பு மனை இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இளம்புழுவுக்கு 80 சதத்துக்கு மேல ஈரப்பதம் வைக்கிறோம், மனைக்கும் படுக்கையறைக்கும் நடுவுல கதவு இருந்தா அந்த ஈரம் முழுக்க வீட்டுக்குள்ளதான் வரும். கதவை அடைச்சு சுவர் எழுப்புறதுதான் வழி. புழுவுக்குப் பூஞ்சையால வர்ற சுண்ணாம்புக்கட்டு நோய்க்குப் பயந்து மனையில அடிக்கிற ஃபார்மலின் கிருமிநாசினியை மிச்சம் இருக்குன்னு படுக்கையறைச் சுவர்ல அடிக்கிற பழக்கம் நம்ம பக்கம் உண்டு. கூடவே கூடாது. ஆள் தூங்குற இடத்துக்கு அது மருந்தே இல்ல.

மாந்தோப்பு_வீடு:
எல்லாருக்கும் நன்றி. பையனும் அம்மாவும் ஹாலுக்கு மாறிட்டாங்க. சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே ரெண்டுலயும் ஒண்ணுமில்ல, ஸ்பைரோமெட்ரிக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க.

சோதனை முடிவு: வடக்குச் சுவர்ல 1 அடியில ஒட்டின தாள்ல சுவர்ப் பக்கம் நீர், 4 அடியில ஒட்டினது காய்ஞ்சிருக்கு. பாத்ரூம் சுவர்லயும் 1 அடியில சுவர்ப் பக்கம் நீர், 4 அடியில ரூம் பக்கம் லேசா ஆவி. டேங்க் கோடு இறங்கல. பாத்ரூம்ல தேக்கின தண்ணி பாதியாயிடுச்சு, தட்டுல இருந்தது அப்படியே இருக்கு. வெள்ளைப் பொடி தண்ணியில கரைஞ்சிடுச்சு.

ரசமட்டம்:
அப்ப பைப் தப்பிச்சது. பாத்ரூம் தரைதான் ஒழுகுது, வடக்குச் சுவர்ல தரை ஈரம் ஏறுது, மேல கருப்பு பீரோவால. மூணுக்கும் மூணு வேலை.

முதல்ல பாத்ரூம். தண்ணி போற ஓட்டையைச் சுத்தி ஒன்றரை அடி சதுரம் டைல்ஸ் எடுக்கச் சொல்லுங்க. பல இடத்துல அந்த ஓட்டையில பொருத்தின டிராப்புக்கும் (வாடை வராம தடுக்கிற கிண்ணம்) காங்கிரீட்டுக்கும் நடுவுல விரல் நுழையற சந்து இருக்கும், வெறும் கலவையால அப்பியிருப்பாங்க, அது காய்ஞ்சு சுருங்கிடும். காய்ஞ்சாலும் சுருங்காத கிரவுட்னு ஒரு கலவை வச்சு அடைச்சு, வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் ரெண்டு கை, ஒண்ணுக்கொண்ணு குறுக்கா, சுவர்ல ஒரு அடி ஏத்தி அடிக்கணும். டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி 48 மணி நேரம் தண்ணி தேக்கிப் பார்க்கணும். மேஸ்திரி ‘அதெல்லாம் வேணாம் சார்’னுதான் சொல்வார். விடாதீங்க.

வடக்குச் சுவருக்கு வெளிப்பக்கம் மண் மட்டம் உள்தரையை விட அரை அடியாவது கீழ இருக்கணும், ஏறியிருந்தா வெட்டி எடுங்க. 2½ அடி அகலத்துக்குச் சுவரை விட்டு வெளியே சாயற மாதிரி தளம் போடுங்க. அப்புறம் உள்ளே, தரைக்கு 6 இஞ்ச் மேல ஒரே வரிசைக் கலவைச் சந்துல 12 மில்லிமீட்டர் துளை, 12 சென்டிமீட்டருக்கு ஒண்ணு, சுவர்க் கனத்துல 4 சென்டிமீட்டர் மிச்சம் விட்டு ஆழம். அதுல சிலேன் க்ரீமை, அதாவது தரை ஈரம் மேல ஏறாம தடுக்கிற மருந்தை, உள்ளிருந்து வெளியே நிரப்பிக்கிட்டே வரணும். கருங்கல்லுல துளை போடாதீங்க, கல் தண்ணியை இழுக்காது, மேல செங்கல் வரிசையிலதான் வேலை. ஹாலோ பிளாக் சுவருக்கு இந்த முறை சரிப்படாது, க்ரீம் குழிக்குள்ள ஒழுகிடும். உங்களுது செங்கல், கவலையில்ல.

இதுக்கப்புறம்தான் பூசணம். 20 சதுர அடி இருக்கு. சுமார் 10 சதுர அடிக்குள்ள இருந்தா பெரும்பாலும் நாமளே செய்யலாம்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்லுது, இது அதுக்கு மேல, அதனால வேலை தெரிஞ்ச ஆளை வைங்க. ஆள் வந்தாலும் நீங்க பார்க்க வேண்டியது: அந்தச் சுவர் ஸ்விட்ச் போர்டுக்கு மின்சாரம் நிறுத்தணும். கதவுக்கு பாலித்தீன் திரை, ஜன்னல்ல ஃபேன் வெளியே தள்ளுற மாதிரி, சீலிங் ஃபேன் ஆஃப். என்95 மாஸ்க், ஓட்டையில்லாத கண்ணாடி, ரப்பர் கையுறை. சோப்புத் தண்ணியை ஸ்ப்ரேயர்ல தெளிச்சு நனைச்ச பிறகுதான் சுரண்டணும். உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா வித்துத்தூள் வீடு முழுக்கப் பரவும், விளக்குமாறும் அதே வேலைதான் செய்யும். உப்பு தின்ன பூச்சை, உப்பு ஏறி நின்ன இடத்துக்கு ஒரு அடி மேல வரைக்கும் கொத்தி எடுத்து, ரெட்டைச் சாக்குல கட்டி வெளியே. மேல கெட்டியா இருக்கிற பூச்சுக்கு டிடர்ஜென்ட் கழுவல், துடைச்சதும் ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில கிடைக்கிறது 6 சதம், சம அளவு தண்ணி கலந்து தெளிச்சு 10 நிமிஷம் விட்டுத் துடைங்க. கடைசியா ஹெப்பா வாக்குவம், அதாவது நுண்தூசியையும் பிடிக்கிற வடிகட்டி வச்சது. இல்லாட்டி ஈரத்துணியால தரை, ஜன்னல், ஃபேன் இறக்கை எல்லாம், ஒருநாள் விட்டு இன்னொரு தடவை.

அப்புறம் காத்திருக்கணும். சுவர் காயறதுக்குப் பழைய கணக்கு இஞ்சுக்கு ஒரு மாசம், 9 இஞ்ச் சுவருன்னா கணக்குப் போட்டுக்கங்க. பூச்சு 1 சிமெண்ட், 1 சுண்ணாம்பு, 6 மணல், நல்ல தண்ணியில. மேல வெள்ளையடிச்சு விடுங்க. பட்டியும் ஆயில் பெயிண்ட்டும் கோடை தாண்டட்டும். 4 அடிக்கு டைல்ஸ் ஒட்டி மறைச்சிடலாம்னு யாராவது சொல்வாங்க. ஈரம் டைல்ஸுக்குப் பின்னாடி ஏறி அஞ்சாவது அடியில வந்து நிக்கும்.

ஈரப்பதமானி ஒண்ணு வாங்கி மாட்டுங்க. ரூம் ஈரப்பதத்தை 60 சதத்துக்குக் கீழ வச்சுக்கங்க. மழை மாசத்துல மதியம் 12-லிருந்து 4 வரைக்கும் ஜன்னலைத் திறந்து, பொழுது சாயும்போது மூடுங்க. ரூமுக்குள்ள துணி காயப்போடக் கூடாது, ஒரு மெஷின் துணியில கிட்டத்தட்ட 2 லிட்டர் தண்ணி இருக்கு, அது அத்தனையும் சுவருக்குத்தான். கடலை, ராகி மூட்டை அந்த ரூம்ல இருந்தா எடுத்துப் பலகை மேல வைங்க. பூசணம் பிடிச்ச கடலையைக் கழுவி வறுத்துச் சாப்பிடலாம்னு நினைக்காதீங்க, அதுல வர்ற நஞ்சு வறுத்தாலும் முழுசாப் போகாது.

மாந்தோப்பு_வீடு:
பீரோவுக்குள்ள அம்மாவோட பட்டுப்புடவை நாலு இருக்கு, ஒண்ணுல மடிப்புல வெள்ளையாப் புள்ளி. இலவம்பஞ்சு மெத்தையும் வாடை அடிக்குது. இதெல்லாம்?

ரசமட்டம்:
மெத்தையைத் தூக்கிப் போடுங்க, பஞ்சுக்குள்ள போன பூசணத்தை எடுக்க முடியாது. பீரோ ஸ்டீல்தான், டிடர்ஜென்ட்ல உள்ளும் புறமும் துடைச்சு, துரு ஏறின இடத்துல ப்ரைமர் வைங்க. திரும்ப நிறுத்தும்போது கீழ நாலு செங்கல், பின்னாடி 3 இஞ்ச் இடைவெளி. அட்டைப் பெட்டிகளை வெளியே போட்டுடுங்க. புடவை விஷயம் எனக்குத் தெரியாது.

மல்பெரி_நிழல்:
புடவையை வீட்டுக்குள்ள உதறாதீங்க. மாஸ்க் போட்டு, மொட்டை மாடியில நிழல்ல விரிச்சு ஒருநாள் காய வைங்க. நேர் வெயில் வேண்டாம், சாயம் மங்கும். காய்ஞ்ச பிறகு மெத்து பிரஷ்ஷால புள்ளியை மட்டும் ஒரே திசையில தட்டி எடுத்துட்டு டிரை கிளீனிங் குடுங்க, பூசணம்னு சொல்லியே குடுங்க. வந்ததும் பாலித்தீன் கவரைக் கழட்டிட்டு பருத்தித் துணியில சுத்தி, பழைய மடிப்பு மேல மடிக்காம மாத்தி மடிச்சு வைங்க.