சிமெண்ட் கொட்டகையில் பசு படுக்கத் தயங்குகிறது – உதவி தேவை

கேட்டவர் (மன்னார்குடி பக்கம்): வணக்கம். எங்களிடம் இருப்பது ஜெர்சி கலப்பினப் பசுக்கள். மழைக்கு முன்னால் மண் தரையை எடுத்துவிட்டு சிமெண்ட் தளம் போட்டு, தீவனத் தொட்டியும் கட்டினோம். அதிலிருந்து மூத்த பசு படுக்கவே யோசிக்கிறது. தரையை மோந்து மோந்து பார்க்கும், முன்னங்காலை மடக்கப் போகும், திரும்ப நிமிர்ந்துவிடும். எழும்போது முன்னங்காலை முதலில் ஊன்றி, நாய் மாதிரி உட்கார்ந்த பிறகுதான் பின்பக்கத்தைத் தூக்குகிறது. தீனி எடுக்கிறது, அசையும் போடுகிறது. காலில் கோளாறா, தரையில் கோளாறா?

திருத்துறைப்பூண்டி: கன்று போட்டு எவ்வளவு நாள் ஆகிறது? புதிதாக ஈன்ற மாடு தள்ளாடி, காதும் சில்லென்று இருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். அப்படியானால் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கேட்டவர்: ஐந்து மாதக் கன்று அண்ணே. தள்ளாட்டம் இல்லை.

ஒரத்தநாடு: சரி, அப்படியானால் தோப்பில் நீளக் கயிற்றில் கட்டிப் பாருங்கள் தம்பி. மாடு இயல்பாக எழும்போது முன்முட்டியை ஊன்றி, தலையை முன்னால் வீசி, பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். அந்த வீச்சுக்கு இரண்டு மூன்று அடி காலியாக இருக்க வேண்டும். தோப்பில் ஒழுங்காக எழுந்தால் குறை கொட்டகையில். அங்கேயும் நாய் மாதிரி உட்கார்ந்தால் குளம்பையும் மூட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

படுக்கும்போது பக்கவாட்டில் வீடியோ எடுங்கள். முட்டி மடங்கத் தொடங்கியதிலிருந்து, பின்பக்கம் இறங்கி முன்னங்காலை உருவிக்கொள்ளும் வரை எத்தனை நொடி என்று எண்ணுங்கள். மாடு சுகமாக இருக்கிறதா என்று மதிப்பிடும் ஐரோப்பாவின் வெல்ஃபேர் குவாலிட்டி முறையில் 5.2 நொடி வரை பரவாயில்லை, 6.3 நொடியைத் தாண்டினால் பெரிய சிரமம் என்று கணக்கு. ஒருமுறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். கம்பியிலோ சுவரிலோ இடிக்கிறதா என்றும் கவனியுங்கள். முட்டியில் முடி உதிர்ந்து வீங்கியிருந்தால் அது தரை கொடுத்த காயம்.

கேட்டவர்: தோப்பில் பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்குகிறது! கொட்டகையில் எழப் போனால் நெற்றி தொட்டிச் சுவரில் இடிக்கிறது. கயிறும் முழம்கூட இல்லை.

ஒரத்தநாடு: கயிற்றை இன்றைக்கே நீளமாக்குங்கள். படுத்த மாடு தலையைத் தரையில் சாய்க்க முடிய வேண்டும், கால் சிக்கவும் கூடாது. தொட்டியில் மாட்டுப் பக்கத்துச் சுவரை, தலை தாராளமாக மேலே போகிற அளவுக்கு இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். அதுவரை ராத்திரி தோப்பிலேயே கட்டுங்கள், பாவம். நாளில் பாதி நேரம் படுத்து அசைபோட வேண்டிய உயிர் அது.

திருத்துறைப்பூண்டி: தளம் வழவழப்பாக இருந்தால் கொத்தனாரை வைத்து வரிவரியாகக் கீறிவிடுங்கள். மேலே காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்புங்கள். நனைந்ததைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடிநோய் வந்துவிடும்.