ஹார்டு டிஸ்க் நிறைந்தபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கேசட் பெட்டி
அப்பா பேசுகிற வீடியோ எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பழைய டிஜிட்டல் கேம்கார்டர் கேசட்டிலிருந்து ஏற்றியது, மணிக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும், உங்களுக்கே தெரியும். இடம் போதவில்லை என்று அண்ணன் மகன் எல்லாவற்றையும் எச்.265 என்ற வீடியோ சுருக்க முறைக்கு மாற்றிவிட்டு மூலத்தை அழித்துவிட்டான். நல்லெண்ணத்தில்தான் செய்தான், திட்ட மனம் வரவில்லை. குரல் அப்படியே இருக்கிறது. ஆனால் அப்பா தலையைத் திருப்புகிற இடத்தில் கன்னமும் காதும் சேர்ந்து மெழுகு மாதிரி வழிகிறது, பின்னால் இருக்கும் இருட்டு மூலை கட்டம் கட்டமாக உடைகிறது, கையை ஆட்டும்போது விரல் ஓரமெல்லாம் கிடைக்கோடு. அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நடுராத்திரி
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் பழியை எச்.265 மேல் போடாதீர்கள். 2013இல் வந்த அந்த முறை, 2003இன் எச்.264 பிடிக்கிற இடத்தில் ஏறக்குறையப் பாதியிலேயே அதே தரத்தைத் தரும். உங்கள் வீடியோவில் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு ஒதுக்கும் தகவல் அளவை, ரொம்பக் குறைத்திருக்கிறார்கள். அந்தக் கோடுகள் வேறு விஷயம்: பழைய கேமரா ஒற்றைப்படை வரிகளை ஒரு தடவை, இரட்டைப்படை வரிகளை அடுத்த தடவை என்று மாற்றி மாற்றிப் பிடிக்கும், மாற்றும்போது அந்த வரிகளை முழுப் படங்களாகச் சீராக்கும் டீஇன்டர்லேஸ் செய்யாமல் விட்டால் அசைவு இப்படித்தான் கிழியும்.

என் கதை சின்னது. கூட வேலை பார்த்தவர் எம்பி4 கோப்புகள் நிறைந்த ஒரு பெரிய ஃபோல்டரை 7-ஜிப் என்ற கோப்பு சுருக்கும் மென்பொருளில் உச்ச அளவில் சுருக்க விட்டுப் போனார். காலையில் போய்ப் பார்த்தால் விசிறி இன்னும் அலறிக்கொண்டிருக்கிறது, திரையில் சுருக்க விகிதம் 99%. அதாவது நூறு எம்பி தொண்ணூற்றொன்பது ஆனது, அவ்வளவுதான். ஏற்கெனவே சுருக்கிய வீடியோவை ஜிப் செய்து பயனில்லை.

இனி மாற்றுகிறவர்களுக்கு: இருட்டும் அசைவும் அதிகமுள்ள ஒரு நிமிடத்தை மட்டும் முதலில் மாற்றிப் பெரிய திரையில் பாருங்கள். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் பிட்ரேட் கொடுக்காமல் ஆர்எஃப் என்கிற தர எண்ணைக் கொடுங்கள், எண் குறையக் குறையத் தரம் கூடும், 20ஐ ஒட்டி ஆரம்பிக்கலாம். கிராபிக்ஸ் கார்டு வழியாக மாற்றினால் வேகமாக முடியும், ஆனால் அதே அளவுக் கோப்பில் தரம் பொதுவாகக் கொஞ்சம் குறையும். முன்னும் பின்னும் வெட்டினால் போதும் என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியில் ஸ்ட்ரீம் காப்பி இருக்கிறது, மறுபடி சுருக்காது, தரம் துளியும் போகாது. கணக்கும் சுலபம் (8 மெகாபிட் ஒரு எம்பி): நொடிக்கு 50 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 375 எம்பி, 8 மெகாபிட் என்றால் 60 எம்பி. அப்புறம், மூலத்தை அன்றைக்கே அழிக்காதீர்கள்.

பழைய ரசீது
வீடியோ கெட்டால் கண்ணுக்குத் தெரியும். ஆவணத்தில் தெரியாது, அதுதான் எனக்குப் பயம். ஸ்கேன் செய்த செலவுக் கணக்கை இடம் மிச்சமாக ஒரு மென்பொருள் சுருக்கித் தந்தது. ஒரு பக்கத்தில் கூட்டுத்தொகை இடிக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் காகிதத்தில் 6 இருக்கிற இடத்தில் பிடிஎஃப்பில் 8, மங்கலே இல்லாமல் பளிச்சென்று. ஜேபிக்2 என்ற கறுப்பு வெள்ளைப் பட சுருக்கத்தில் ஒரு வகை, ஒரே மாதிரித் தெரிகிற எழுத்துகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலும் அதையே ஒட்டிவிடும். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர் கட்டட வரைபடத்தில் அறை அளவுகளே மாறியிருந்ததைக் கண்டு வெளியிட்டது இதைத்தான். நான் இப்போது அந்த மாதிரிச் சுருக்கத்தை விட்டுவிட்டு, 600 டிபிஐக்கு (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) பதில் 300இல் ஸ்கேன் செய்கிறேன். புள்ளிகள் கால்வாசியாகிவிடும், எண்கள் எண்களாகவே இருக்கும்.

நாலாவது தட்டு
நடுராத்திரி, நீங்கள் சொன்ன எதுவும் தப்பில்லை, ஆனால் வரிசை தப்பு. சுருக்குவதற்கு முன்னால் இடத்தை எது தின்கிறது என்று பார்க்க வேண்டாமா? எங்கள் வட்டு சிவப்பு காட்டியபோது எல்லாரும் கல்யாண வீடியோக்களைக் குறைக்கலாம் என்றார்கள். எந்தக் கோப்பு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று வண்ணக் கட்டங்களாகக் காட்டும் விண்டிர்ஸ்டாட் மென்பொருளை ஓட்டினேன். திரையில் கால்வாசியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய வண்ணக் கட்டம். கிளிக் செய்தால் எடிட்டிங் மென்பொருளின் கேஷ் (வேலைக்காகத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் கோப்புகள்), எப்போதோ முடித்துக் கொடுத்த வேலையுடையது. அதைத் துடைத்ததும் ஒரு வீடியோவையும் தொட வேண்டியிருக்கவில்லை. வேர்டின் டாக்ஸ் (.docx) கோப்பு பெரிதாக இருந்தாலும் இதே வழிதான். அதுவே உள்ளுக்குள் ஜிப், பிரதி எடுத்துப் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் மீடியா ஃபோல்டரில் எந்தப் படம் கனம் என்று தெரிந்துவிடும். மிச்சமெல்லாம் "புதிது", "புதிது 2", "கடைசி" என்று இருக்கிற நகல்கள். அவற்றை அழியுங்கள்.

பழைய ரசீது
கேஷ் சரி. நகல்களை மட்டும் பெயரையும் அளவையும் பார்த்து அழிக்கச் சொல்லாதீர்கள், ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யட்டும். வேறு வட்டில் இருக்கிற பிரதியை நகல் என்று எண்ணவே கூடாது, அது பேக்கப்.