புதுப்பிப்பு: அப்பாவின் ஃபோன் பாட்டு கிடைத்துவிட்டது

ஃபோனில் காதலியிடம் ‘இன்னும் கிட்ட வந்து பேசு’ என்று ஒருவர் அடிக்குரலில் கெஞ்சும் ஆங்கிலப் பாட்டு, அப்பாவின் ரெக்கார்டுகளில் இருந்தது, யாருடையது என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஜானி கேஷ் என்று அடித்துச் சொன்னவர்களே, மன்னிக்கவும். அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாடிய ‘ஹீல் ஹேவ் டு கோ’.

பரணில் ரெக்கார்டே கிடைத்தது. உறை கரையான் தின்றது போக மீதி. ஈரத்துணியால் துடைத்துப் போட்டால், இரண்டாவது சரணத்தில் ஊசி அதே பழைய இடத்தில் குதிக்கிறது! அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

1959 அக்டோபரில் நாஷ்வில்லில் பதிவானது. தயாரிப்பு செட் அட்கின்ஸ். அமெரிக்காவில் இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டாகத்தான் வந்ததாம். வானொலிக்காரர்கள் திருப்பிப் போட்டார்கள். 1960இல் அங்கே கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற பாணி இசை) தரவரிசைப் பட்டியலில் 14 வாரம் முதலிடம், பாப் பட்டியலில் இரண்டாமிடம். கன்ட்ரி என்றால் ஃபிடில் (வயலின்) அழ வேண்டும் என்பார்கள். இதில் மெல்லிய பியானோவும், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனும்தான். மைக்குக்கு ஒட்டி நின்று பாடும் அந்தக் குரலுக்கு வேறென்ன வேண்டும்?

அப்புறம், இன்னொரு ரெக்கார்டும் இருக்கிறது. லேபிள் கிழிந்திருக்கிறது. நாளை போட்டுப் பார்க்கிறேன்.