எண்ணெய் டின் எத்தனை நாள் வரும்? சைவச் சாப்பாடும் இதயமும்: அனுபவப் பகிர்வு

திருச்சிக்காரன்

எங்கள் அப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு வந்தது. முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடாதவர். சிகரெட், குடி எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "சைவம் சாப்பிடுகிறவருக்கு எப்படி வந்தது?" எனக்கும் அது புரியவில்லை. பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்தார், ஒன்பது வருஷம் இருந்தார்.

எனக்குப் பதில் கிடைத்தது என் 43ஆவது வயதில். வேலை பார்க்கும் இடத்தில் வருஷாவருஷம் எடுக்கும் ரத்தப் பரிசோதனை. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். 168, ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 240. டாக்டர் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். அந்த அம்மா கொலஸ்ட்ரால் பேச்சையே எடுக்கவில்லை. "உங்கள் வீட்டில் அஞ்சு லிட்டர் எண்ணெய் டின் வாங்கினால் எத்தனை நாள் வரும்?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மனைவிக்கு போன் போட்டேன். நாலு பேருக்கு முழுசாக ஒரு மாதம்கூட வராது என்றாள். "ஒரு ஆளுக்கு மாசம் அரை லிட்டர் போதும். நாலு பேருக்கு ரெண்டு லிட்டர். முதலில் இதை மட்டும் கொண்டுவாருங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த முறை போகும்போது ஒரு வாரம் சாப்பிட்ட தட்டையெல்லாம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். ஏழு நாள் படங்களையும் அவர் மேஜையில் வைத்து வரிசையாகப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நடுவில் வெள்ளைச் சோறு குவியல். ஓரத்தில் உருளைக்கிழங்கு ரோஸ்ட் இரண்டு கரண்டி. அப்பளம் இரண்டு, ஊறுகாய், பருப்பின் மேல் உருகிய நெய். மாலையில் மிக்சர் அல்லது பஜ்ஜி. சர்க்கரை போட்ட காபி மூன்று வேளை. கீரை ஒரே ஒரு நாள். அப்பாவின் தட்டும் அச்சு அசல் இதேதான். நாங்கள் கறி, மீன் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். காயும் பயறும் போதுமான அளவு சாப்பிட்டோமா என்று எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இதைத்தான் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வும் சொல்கிறது. அமெரிக்காவில் மருத்துவத் துறையில் இருக்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சாப்பாட்டுப் பழக்கத்தை இருபது வருஷத்துக்கு மேல் கவனித்திருக்கிறார்கள். முழுதானியம், காய், பழம், பருப்பு, கொட்டை வகைகளை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதயநோய் குறைவு. தீட்டிய மாவு, இனிப்பு, சர்க்கரை பானம் என்று சாப்பிட்டவர்களுக்கு அதிகம். இரண்டும் செடியிலிருந்து வருவதுதான்!

சரி, என்ன மாற்றினோம்? காயை முதலில் பரிமாறி, பாதித் தட்டு நிறைந்த பிறகுதான் சோறு. மாலையில் சுண்டல்: கொண்டைக்கடலை, தட்டப்பயறு, மொச்சை, ஒவ்வொரு நாளும் ஒன்று. இரவில் பச்சைப்பயறு அடை, அல்லது வரகுச் சோறும் கொள்ளு ரசமும். நெய் பண்டிகைக்கு மட்டும். முதல் மூன்று வாரம் வயிற்றில் ஒரே வாயு. பயறை நன்றாக ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இஞ்சியும் பெருங்காயமும் சேர்த்த பிறகு அடங்கியது.

நாலு மாதத்தில் எல்.டி.எல். 131க்கு வந்தது. அப்பாவின் கதையைக் கேட்டுவிட்டு டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் எழுதினார். முதலில் மனசு ஒப்பவில்லை. பிறகு ஒத்துக்கொண்டேன். இப்போது 74. சாப்பாடும் மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை இது, அதை மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்று. சைவ உணவால் இதய அடைப்பையே குறைக்க முடியுமா என்று சோதித்த டாக்டர் டீன் ஆர்னிஷின் ஆய்வு 1990இல் 'லான்செட்' இதழில் வந்தது. மொத்தம் 48 நோயாளிகள்தான். கொழுப்பு மிகக் குறைந்த சைவச் சாப்பாடு, நடை, யோகா, புகைக்குத் தடை எல்லாம் சேர்ந்த திட்டம். அதனால் சாப்பாட்டின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு வருஷத்தில் அந்தத் திட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அடைப்பு சற்றுக் குறைந்திருந்தது. ஆர்னிஷுக்கு யோகா குரு யார் தெரியுமா? கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். இதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சேலத்து அக்கா

மாத்திரை பற்றி எழுதினீர்களே, அதற்காகவே வந்தேன் தம்பி. என் வீட்டுக்காரரின் நண்பருக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழாய் வைத்து ஐந்தாவது மாதம். இயற்கை உணவு முகாம் ஒன்றுக்குப் போனார். சாப்பாடே போதும் என்று யாரோ சொல்ல, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்திருந்த இரண்டு மாத்திரைகளையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிட்டார். மூன்றே வாரம். விடியற்காலை நெஞ்சுவலி, ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது. உயிர் தப்பினார், ஆனால் இதயத்தின் பம்ப் பலம் குறைந்துவிட்டது. சாப்பாட்டைத் தாராளமாக மாற்றுங்கள். மாத்திரையில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

நாஞ்சில் மகள்

அம்மாவுக்குச் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்துப் பார்த்து மாத்திரை அளவு மாற்றுவார்கள். இதயத்துக்கு நல்லது என்று நான்தான் தினமும் முருங்கைக்கீரை, பசலைக்கீரை என்று சமைத்துக் கொடுத்தேன். அடுத்த பரிசோதனையில் ஐ.என்.ஆர். நன்றாக இறங்கியிருந்தது. கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடுமாம். கீரையே வேண்டாம் என்று டாக்டர் சொல்லவில்லை. வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக இருக்கட்டும், அதற்கேற்ப மாத்திரையை வைத்துக்கொள்ளலாம் என்றார். இப்போது செவ்வாய், வெள்ளி இரண்டு நாள், ஒரே கிண்ணம்.

மாடித்தோட்டம்

நான் பால், தயிரையும் விட்டு மூன்று வருஷம் ஆகிறது. கொலஸ்ட்ரால், எடை, ரத்த அழுத்தம் எல்லாம் நன்றாக இருந்தன. ஆனால் இரண்டாம் வருஷம் பாதத்தில் மரத்துப்போன மாதிரி, ஊசி குத்துகிற மாதிரி. நாக்கு சிவந்து எரிந்தது. பார்த்தால் வைட்டமின் பி12 குறைவு. காய்கறி, பயறு எதிலிருந்தும் அது போதிய அளவு கிடைக்காது. மாத்திரையாகவோ, பி12 சேர்த்த உணவாகவோதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பி12 குறைந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஏறும், ரத்தக்குழாய்க்கு அது நல்லதில்லை என்கிறார்கள். என்னைப் போலப் பாலையும் விடப்போகிறவர்கள் முதல் நாளிலிருந்தே பி12 எடுத்துக்கொள்ளுங்கள். கால் மரத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

பாலக்காட்டு மருமகள்

அண்ணா, எங்கள் வீட்டில் எல்லாம் தேங்காய் எண்ணெயில்தான். அதுவும் செடி எண்ணெய்தானே, நல்லதில்லையா?

திருச்சிக்காரன்

நான் அந்த ஆலோசகரிடம் இதையே கேட்டேன் தங்கச்சி. தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, எல்.டி.எல்.லை ஏற்றுவது அதுதான். கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். நாங்கள் தாளிப்பதும் வதக்குவதும் கடலை எண்ணெயில். பொரியலுக்குத் துருவிய தேங்காய் ஒரு கைப்பிடி போடுகிறோம், அதை விடவில்லை. அவியலுக்கு மட்டும் கடைசியில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், அந்த வாசனை இல்லாமல் அம்மாவுக்கு இறங்காது.

டின்னைத் திறக்கிற அன்றே மனைவி மூடியில் மார்க்கரால் தேதி எழுதிவிடுகிறாள். போன தடவை சித்திரை பிறந்த அன்று திறந்தது. ஆனி பிறந்த பிறகும் அடியில் கொஞ்சம் இருந்தது.