டெக்சாஸ்ல வீட்டு முன்னாடி ரெட் ஓக் மரம் வச்சு வளக்குறவங்க அனுபவம்

சீடர் பார்க்ல இருந்து:

நாங்க இருக்கிறது ஆஸ்டினுக்கு வடக்க. வீடு வாங்கும்போதே பில்டர் வச்சுக்குடுத்த ஓக் ஒண்ணு இருந்துச்சு, அது வருஷா வருஷம் உச்சியில இருந்து காஞ்சுகிட்டே வந்து கடைசில பட்டுப்போச்சு. தோண்டி எடுக்கும்போதுதான் தெரிஞ்சுது, ரொம்ப ஆழமா புதைச்சிருக்காங்க, தூர்ல வேர் விரியிற இடம், இங்க ரூட் ஃப்ளேர்னு சொல்றாங்களே, அது மண்ணுக்குள்ள போயிருந்துச்சு. கம்பம் ஊனுன மாதிரி நேரா மண்ணுக்குள்ள இறங்கியிருந்தா அந்த மரத்துக்கு ஆபத்துன்னு ஆர்பரிஸ்ட், அதாவது மர வைத்தியர், சொன்னாரு. வீட்டைச் சுத்தி நிக்கிற ஓக்கை எல்லாம் ஒருதடவை குனிஞ்சு பாத்துருங்க, இது நிறைய இடத்துல இருக்கு.

அதே இடத்துக்குப் பக்கத்துல ஷுமார்ட் ரெட் ஓக் வச்சோம். நவம்பர் கடைசி, டிசம்பர்ல இலை செக்கச்செவேல்னு ஆகும், அதுக்காகவே எனக்கு இந்த மரம் மேல அவ்வளவு ஆசை. நட்டது அக்டோபர்ல, வெயில் தணிஞ்சப்புறம் நட்டாதான் அடுத்த கோடைக்குள்ள வேர் பிடிக்கும். தோண்டுறதுக்கு முன்னாடி 811க்கு போன் பண்ணுங்க, மண்ணுக்கடியில எந்த லைன் எங்க போகுதுன்னு வந்து காட்டுவாங்க, காசு கிடையாது, கேஸ் லைனுக்கு மஞ்சக் கொடி கரண்ட்டுக்கு சிவப்புக் கொடின்னு நட்டுட்டுப் போவாங்க.

அப்ப ஊர்ல இருந்து மாமனார் வந்திருந்தாரு, தென்னையும் வாழையும் வச்சு வளத்தவரு. குழியைப் பாத்ததுமே "என்ன மாப்ள, மூணடிக்கு மூணடி ஆழம் வேணாமா, தொழு உரம் போட வேணாமா"ன்னாரு. ஓக்குக்கு அப்படி இல்ல மாமா, வேர்ப்பந்து எவ்வளவு உசரமோ அவ்வளவுதான் ஆழம், அகலம் மட்டும் அதுமாதிரி ரெண்டு மூணு மடங்கு, தோண்டுன மண்ணையே திருப்பி போடணும், குழிக்குள்ள மட்டும் நல்ல மண்ணா போட்டா வேர் அதுக்குள்ளயே சுத்திகிட்டு வெளிய போகாதுன்னு சொன்னேன். தொட்டியில வளந்த கன்னுங்கிறதால வேர் ஏற்கனவே வட்டமா சுத்தியிருந்துச்சு, அதை கத்தியால வெட்டிவிட்டோம், விட்டா பின்னாடி அந்த வேரே தண்டை இறுக்கிரும். சுண்ணாம்புப் பாறை வந்த எடத்துல கடப்பாரையைப் பிடிச்சு உடைச்சது அவருதான். கடைசில வாழைக்கு மாதிரி மண் அணைக்கப் போனாரு, அதை மட்டும் தடுத்துட்டேன். ஆனா அவரு கட்டுன வட்டப்பாத்தி பிரமாதமா வேலை செஞ்சுது, ஹோஸை சன்னமா திறந்து வச்சா தண்ணி ஓடாம உள்ள இறங்கும். புல்லுக்கு அடிக்கிற ஸ்பிரிங்க்ளர் மேலாக்க நனைக்கும், புதுக் கன்னுக்கு அது பத்தவே பத்தாது. மூடாக்கு மூணு இஞ்ச் போதும், தண்டுல படாம தள்ளிப் போடுங்க. இங்க நிறைய பேரு தண்டைச் சுத்தி மலை மாதிரி குமிச்சு வைக்கிறாங்க, அது மறுபடி புதைக்கிறதுதான், பாக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமா இருக்கு.

சான் அன்டோனியோல இருந்து:

நட்டது எல்லாம் சரிங்க, கவாத்து பத்தி யாரும் சொல்லலையே, அதுதான் உசுர் போற விஷயம். பிப்ரவரில இருந்து ஜூன் முடியிற வரைக்கும் ஓக்ல கத்தியே வைக்கக் கூடாது. ஓக் வில்ட்னு பூஞ்சைநோய், சாறு குடிக்கிற சின்ன வண்டு தூக்கிட்டு வந்து புது வெட்டுக் காயத்துல இறக்கிட்டுப் போகும். எங்க பக்கத்துத் தெருவுல ஒரு வீட்ல ஏப்ரல்ல ஆளுங்க வந்து கழிச்சுவிட்டுட்டு பெயின்ட்கூட அடிக்காம போயிட்டாங்க, அந்தக் கோடையிலயே அங்க ரெட் ஓக் மொத்தமா பழுப்பாகி செத்துச்சு, லேப்ல குடுத்துப் பாத்ததுல ஓக் வில்ட்தான்னு வந்துச்சு. ரெட் ஓக்குக்கு வந்துட்டா சில வாரந்தான், காப்பாத்த முடியாது.

லைவ் ஓக்குன்னு குளிர்காலத்துலயும் பச்சையா நிக்கிற வகை ஒண்ணு இருக்கு, அதுக்கு இன்னொரு கொடுமை, பக்கத்துப் பக்கத்துல நிக்கிற மரங்க வேரோட வேர் ஒட்டியிருக்கும், நோய் அது வழியா ஒண்ணொண்ணா நடந்து போகும். இலைல நரம்பு மட்டும் மஞ்சளாகி பழுப்பாச்சுன்னா, நடுவுல பச்சை இருந்துச்சுன்னா, அன்னைக்கே ஆர்பரிஸ்ட்டைக் கூப்பிடுங்க. நோய் வராத மரத்துக்கு புரோபிகோனசோல்னு பூஞ்சைக்கொல்லி ஊசி தூர்ல போடுவாங்க, எங்க மரத்துக்குப் போட்டோம், செலவுதான், ஆனா நிக்குது. எந்த மாசம் வெட்டினாலும், புயல்ல கிளை முறிஞ்சாலும் அந்த நிமிஷமே காயத்துல பெயின்ட் அடிங்க, சாதாரண லேடக்ஸ் போதும். செத்த ரெட் ஓக்கை விறகுக்குன்னு அடுக்கி வைக்காதீங்க, பட்டைக்கு அடியில பூஞ்சை வளந்து பழம் புளிச்ச வாசனை வரும், வண்டு அங்கதான் கூடும்.

ஃப்ரிஸ்கோல இருந்து:

புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு, மார்ச்ல லைவ் ஓக் பழைய இலையெல்லாம் கொட்டும், பயந்துராதீங்க, கொட்டின கையோட துளிர் வந்துரும். பின் ஓக் (pin oak)னு ஒரு வகை, அதை மட்டும் இந்தப் பக்கம் வாங்காதீங்க, எங்க களிமண்ணுல காரத்தன்மை ஜாஸ்தி, இரும்புச் சத்தை எடுக்க முடியாம இலை வெளுத்து வெளுத்து நிக்கும்.

புல்லுக்குப் போடுற வீட் அண்ட் ஃபீட், அதாவது உரமும் களைக்கொல்லியும் கலந்தது, அந்தப் பையையும் படிச்சுப் பாருங்க, அதுல இருக்கிற களைக்கொல்லி ஓக் வேருக்கும் போகும். ஆஸ்டின்ல ட்ரீட்டி ஓக்னு சுமார் 500 வருஷ மரம், 1989ல ஒருத்தன் களைக்கொல்லியை ஊத்திட்டான், மண்ணை மாத்தி தண்ணி தெளிச்சு எவ்வளவோ பாடுபட்டு மூணுல ஒரு பங்கு மரந்தான் மிஞ்சுச்சு. நேர்ல போய்ப் பாத்தேன், அழுகை வந்துருச்சு.

தெரு பூரா ரெட் ஓக்கும் லைவ் ஓக்குமா இருந்தா அடுத்த மரம் மான்ட்டெரே ஓக்கா வைங்க, இல்ல பர் ஓக். ரெண்டும் வெள்ளை ஓக் வகை, ஓக் வில்ட்டை நல்லாவே தாங்கும். நான் பின்பக்கம் மான்ட்டெரே வச்சிருக்கேன், துளிர் வரும்போது இலை இளஞ்சிவப்பா வரும், அவ்வளவு அழகு.