உதவி தேவை: ரீபூட் படத்தில் யாளி நாயகர்களை எப்படி அறிமுகப்படுத்துவது?

திருநகர் கதைசொல்லி (இழையைத் தொடங்கியவர்):
வணக்கம். கோயில் தூண்களிலிருந்து உயிர்பெற்று இறங்கும் நான்கு யாளிகளை நாயகர்களாக்கி, நானும் நண்பர்களும் சில ஆண்டுகளுக்கு முன்பு சிறுவர் குறும்படத் தொடர் ஒன்றை இணையத்தில் வெளியிட்டோம். இப்போது அதை முதலிலிருந்து புதிதாகத் தொடங்கி (ரீபூட்), முழுநீள அனிமேஷன் படமாக எடுக்கத் திரைக்கதை எழுதியிருக்கிறோம். சிக்கல் அறிமுகக் காட்சியில் இருக்கிறது. யாளிகளின் உலகம் அழிந்த கதையைப் பின்னணிக் குரல் முதலில் விவரிக்கிறது. பிறகு, மாசி வீதியில் கடை வைத்திருப்பவரின் மகள் முன்னால் நான்கு யாளிகளும் தூணை உடைத்துக்கொண்டு வரிசையாக வந்து நின்று, தத்தம் பெயரையும் வலிமையையும் சொல்கின்றன.

இதை வாசித்துக் காட்டியபோது, பழைய தொடரைப் பார்க்காத பிள்ளைகள் எந்த யாளி எது என்று தெரியாமல் விழித்தார்கள். பார்த்தவர்களோ, தெரிந்த கதைக்கு எதற்கு இவ்வளவு நீட்டல் என்று அலுத்துக்கொண்டார்கள். உலகத்தை முதலில் காட்டுவதா, சிறுமியை முதலில் காட்டுவதா? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

வாடிப்பட்டி அனிமேட்டர்:
தம்பி, பின்னணிக் குரலைவிட அந்த வரிசைதான் பெரிய கோளாறு. 2007இல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்தில், காராக உருமாறும் ரோபோவான பம்பிள்பீ முதலில் பழைய கார் விற்கும் இடத்தில் ஒரு மஞ்சள் காராக நிற்கிறது. குரல் பழுதாகிவிட்டதால் வானொலித் துணுக்குகளைக் கொண்டே பேசுகிறது. இதனால் அதன் பெயர் தெரியும் முன்பே குணம் தெரிந்துவிடுகிறது. ஆனால் மற்ற ரோபோக்கள் வந்து இறங்கியதும், அவற்றின் தலைவரான ஆப்டிமஸ் பிரைம் அவற்றை ஒரு சந்தில் நிறுத்தி, இவர் இன்னார், இவருக்கு இன்ன வேலை என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிடுகிறார். அப்படி அறிமுகமான ஜாஸ் கடைசிச் சண்டையில் இறந்தபோது, திரையரங்கில் என் பக்கத்து இருக்கைக்காரர் "செத்தது யாருங்க?" என்று கேட்டார்.

டிராவிஸ் நைட் இயக்கி 2018இல் வந்த 'பம்பிள்பீ' இதைத் திருத்திக்கொண்டது. தொடக்கத்தில் ரோபோக்களின் சொந்தக் கிரகமான சைபர்ட்ரானில் நடக்கும் போரைக் காட்டுகிறார்கள். அதில் பாத்திரங்கள் 1984இல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' கார்ட்டூனின் தோற்றத்துக்கு நெருக்கமாக இருப்பதால் பழைய ரசிகர்களுக்கு விளக்கமே தேவைப்படுவதில்லை, புதியவர்களுக்கும் அது ஒரு போர் என்று புரிந்தால் போதும். அதன்பின் ஒரே ஒரு ரோபோவை மட்டும் 1987ஆம் ஆண்டின் கலிபோர்னியாவுக்கு அனுப்பி, குரலையும் நினைவையும் பறித்து, பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காராக ஒளித்து வைக்கிறார்கள். கேரேஜில் அது எழுந்து நிற்கும் காட்சியை மீண்டும் பாருங்கள். அவ்வளவு பெரிய இயந்திரம் ஒரு சின்னப் பெண்ணைக் கண்டு மிரண்டு மூலையில் ஒடுங்குகிறது. நான்கு பக்க வசனத்தைவிட அந்த ஒடுங்கல் பயனுள்ளது.

இன்னொரு கேள்வி: நான்கும் சிம்ம யாளிகளா?

திருநகர் கதைசொல்லி:
ஆமாம் அண்ணா. ஒரே மாடலை நிறம் மாற்றிப் பயன்படுத்தினால் செலவு குறையும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார்.

வாடிப்பட்டி அனிமேட்டர்:
பிள்ளைகள் குழம்பியதில் வியப்பில்லை. நான்கையும் முழுக் கருப்பாக நிரப்பி, நிழலுருவை மட்டும் பார்த்து எது எது என்று சொல்ல முடிகிறதா என்று சோதியுங்கள். சிற்பிகள் சிம்ம யாளி, யானை யாளி, மகர யாளி என்று வகைவகையாகச் செதுக்கி வைத்திருக்கும்போது நிறத்தை நம்பியிருக்க வேண்டாம். உடலுக்கு ஒரே மாடல், தலைக்கு மட்டும் தனித்தனி என்று தயாரிப்பாளரிடம் பேசிப் பாருங்கள்.

செல்லூர் ஆசிரியை:
அவர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் சிறுமியின் கண்வழியாகவே காட்ட வேண்டும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1968இல் வந்த 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தில் மனித விண்வெளி வீரர்களோடு சேர்ந்துதான் நாம் குரங்குகளை முதலில் பார்க்கிறோம். அங்கே அவை அச்சமூட்ட வேண்டியவை, ஆகவே அது பொருந்துகிறது. 2011இல் தொடரைப் புதிதாகத் தொடங்கியவர்கள் சீசர் என்ற சிம்பன்சியையே நாயகனாக்கியதால், குட்டியாக அவன் ஒரு வீட்டில் வளர்வதையும், சன்னல் வழியே தெருவைப் பார்த்து ஏங்குவதையும் காட்டினார்கள். சைகை மொழியில் பேசிவந்தவன், அடைத்து வைக்கப்பட்ட இடத்தில் காவலனை எதிர்த்து "நோ" என்று கத்தும்போதுதான் அவன் குரலையே நாம் கேட்கிறோம். உங்கள் படத்தில் நாயகர் யாளி என்றால், அது தனியாக இருக்கும் காட்சி ஒன்றாவது வேண்டும். சிறுமி உறங்கிய பிறகு அது என்ன செய்கிறது?

திருநகர் கதைசொல்லி:
அக்கா, அப்படியானால் யாளி பேசவே கூடாதா? பழைய தொடரில் தலைமை யாளி மதுரைப் பேச்சில் சிரிக்கச் சிரிக்கப் பேசும். அதற்காகவே பார்த்தவர்கள் பலர்.

அலங்காநல்லூர் பெரியவர்:
பேசட்டும் தம்பி, ஆனால் காக்க வையுங்கள். பல கோயில்களில் யாளியின் வாய்க்குள் ஒரு கல்லுருண்டை இருக்கும். விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. அந்த உருண்டை உங்கள் தலைமை யாளியின் வாயிலும் இருக்கட்டும். சிறுமி பள்ளிக்குப் போகும் வழியில் தினமும் அதை உருட்டிவிட்டுப் போகட்டும். கல்லும் கல்லும் உரசும் அந்த ஓசை பார்ப்பவர் காதில் பதியட்டும். ஒருநாள் அவள் கை வைக்காமலே அது உருள வேண்டும். பழைய ரசிகர்கள் அப்போதே கைதட்டிவிடுவார்கள், புதிய பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். உருண்டை வாயில் இருக்கும்வரை யாளியால் பேச முடியாது; அது எப்போது, எதற்காக வெளியே விழுகிறது என்பதைக் கதைதான் தீர்மானிக்க வேண்டும்.

வரிசையைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊர் வாடிவாசலில் முதலில் கோயில் காளையை விடுவோம்; அதை யாரும் பிடிப்பதில்லை. பிறகுதான் மற்ற காளைகள் ஒவ்வொன்றாக வரும். எந்த ஊர் மாடு, யார் மாடு என்று ஒலிபெருக்கி அறிவித்தாலும், அது நின்று விளையாடுமா, நேரே ஓடிவிடுமா என்பது வாசலைத் தாண்டிய பிறகே தெரியும். ஓடிப்போன மாட்டின் பெயரை மறுநாள் டீக்கடையில் யாரும் எடுப்பதில்லை. உங்கள் யாளிகளையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடாதீர்கள்.

செல்லூர் ஆசிரியை:
பெரியவர் சொன்ன முறை இடைவேளைக்கும் வசதியாக இருக்கும். தலைமை யாளி முதல் கால் மணி நேரத்துக்குள், அடுத்த இரண்டும் அவற்றால் மட்டுமே தீரக்கூடிய இடர் வரும்போது, நான்காவது சரியாக இடைவேளைக் காட்சியில் என்று வைத்துப் பாருங்கள். நான்காவது யாளி நண்பனா பகைவனா என்று தெரியாமல் பிள்ளைகள் பாப்கார்ன் வாங்கப் போகட்டும்.

திருநகர் கதைசொல்லி:
அனைவருக்கும் நன்றி. கல்லுருண்டைக் காட்சியை இன்றே எழுதத் தொடங்குகிறேன். உலக அழிவை, தூணுக்குப் பின்னால் இருக்கும் ஒரு மங்கிய ஓவியமாகச் சுருக்கிவிடலாம் என்று தோன்றுகிறது. ஒரே ஒரு தடங்கல்: பின்னணிக் குரல் கொடுப்பவர் தயாரிப்பாளரின் மைத்துனர். அந்தப் பகுதியை நீக்கினால் வீட்டில் பிரச்சினை வரும் என்கிறார்.

வாடிப்பட்டி அனிமேட்டர்:
அவருக்குத் தலைமை யாளியின் குரலைக் கொடுத்துவிடுங்கள். உருண்டை வெளியே விழும்வரை அவர் பொறுத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.