நியார்த்விக் கூடைப்பந்துக் கழகம் வென்றது 13 பட்டங்களா, 17 பட்டங்களா?

வடதிசை (கேள்வி):
ஐரோப்பாவின் சிறிய நாடுகளில் கூடைப்பந்து வளர்ந்த கதையைப் படித்து வருகிறேன். ஐஸ்லாந்தின் நியார்த்விக் கழகம் ஆடவர் தேசியப் பட்டத்தை 17 முறை வென்றதாகச் சில பட்டியல்களும், 13 முறை வென்றதாக வேறு சில பட்டியல்களும் குறிப்பிடுகின்றன. இந்த வேறுபாடு எதனால் வந்தது? மேலும், சில ஆயிரம் பேரே வாழ்ந்த ஓர் ஊர் தலைநகரான ரெய்க்யவிக்கின் பெரிய கழகங்களைப் பல்லாண்டுகள் பின்னுக்குத் தள்ளியதற்குப் பக்கத்திலிருந்த அமெரிக்கப் படைத்தளமே காரணம் என்ற கூற்றை எந்த அளவுக்கு ஏற்கலாம்?

பழங்கணக்கு:
இடறும் அந்த நான்கு பட்டங்களும் ஐ.கே.எஃப். என்ற கழகத்துக்கு உரியவை. அமெரிக்கப் படைத்தளம் அமைந்திருந்த கெஃப்லாவிக் விமான நிலையத்தைச் சார்ந்து இயங்கிய அக்கழகம், 1952இல் நடந்த முதல் தேசியப் போட்டியையே வென்றது. பிறகு 1953, 1956, 1958 ஆகிய ஆண்டுகளிலும் பட்டத்தைக் கைப்பற்றியது. ஐஸ்லாந்துக் கூடைப்பந்துக் கூட்டமைப்பே 1961இல்தான் உருவாயிற்று என்பதையும், ரெய்க்யவிக்கில் அக்கால ஆட்டங்கள் நடந்த ஹாலோகாலண்ட் அரங்கம் உலகப்போரின்போது அந்நியப் படையினர் எழுப்பிய கட்டடம் என்பதையும் நினைத்துப் பார்த்தால், இந்த விளையாட்டு அங்கே எவ்வளவு எளிய நிலையில் தொடங்கியது என்பது விளங்கும். 1969இல் ஐ.கே.எஃப். நியார்த்விக்குடன் இணைந்தது. நியார்த்விக் கழகமோ 1944 முதலே இருந்து வருவது. பழைய கழகத்தின் மரபு அப்படியே தொடர்ந்ததால் 17 என்று எண்ணுவதே முறை என்பது என் கருத்து. நியார்த்விக் என்ற பெயரில் ஆடி வென்றவற்றை மட்டும் எண்ணுவோர் 1981 முதல் 2006 வரையிலான 13 பட்டங்களைச் சொல்கிறார்கள்.

மூன்றுபுள்ளி:
படைத்தளத்தைப் பற்றிய கூற்றில் பாதிதான் உண்மை. 1951ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி அமெரிக்கர்கள் திரும்பி வந்ததும், அவர்களுடைய விளையாட்டை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு நியார்த்விக் அமைந்துள்ள தீபகற்பத்து இளைஞர்களுக்குக் கிடைத்தது, அதை மறுப்பதற்கில்லை. அமெரிக்க வீரர்களும் உதவினார்கள். அர்மான் கழகத்துக்காக 1979இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் குவித்த டேனி ஷவுஸ், அதன்பின் நியார்த்விக்குக்கு வந்து 1981, 1982 பட்டங்களில் பங்கேற்றார். ஆனால் 1983 முதல் சில ஆண்டுகள் லீக்கில் வெளிநாட்டு வீரர்களுக்குத் தடை இருந்தது. கழகம் சரிந்திருக்க வேண்டிய அந்தக் காலத்தில்தான், 1984 முதல் 1987 வரை, தொடர்ந்து நான்கு பட்டங்களை அது வென்றது. லீக் ஆட்டங்களுக்குப் பின் முன்னணி அணிகள் மோதும் பிளேஆஃப் முறையில் பட்டத்தைத் தீர்மானிக்கும் வழக்கமும் 1984இல்தான் வந்தது என்பதால், அந்த முறையின் முதல் நான்கு பட்டங்களும் இந்தக் கழகத்துக்கே சென்றன. லீக்கின் வரலாற்றில் மிக அதிகப் புள்ளிகள் எடுத்த வாலூர் இங்கிமுண்டர்சன் அந்த அணியில் ஆடினார். டெய்ட்டூர் ஓர்லிக்சன் அப்போது பதின்ம வயதினர். பின்னாளில் அவருடைய கணக்கில் 10 பட்டங்கள் சேர்ந்தன. இவர்களைப் படைத்தளம் உருவாக்கவில்லை, ஊர் உருவாக்கியது.

களத்தோரம்:
ஊர் என்று ஒற்றையில் சொல்வதைவிட அண்டை ஊர்களின் போட்டி என்று சொல்வதே பொருந்தும். 1991 முதல் 2006 வரையிலான 16 பருவங்களில் பட்டம் ஒரே ஒருமுறை, 2000இல், தலைநகரின் கே.ஆர். கழகத்துக்குச் சென்றது, மற்ற அனைத்தையும் நியார்த்விக், கெஃப்லாவிக், கிரிண்டாவிக் ஆகிய மூன்று அண்டைக் கழகங்களே தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. 1994இல் நியார்த்விக்கும் கெஃப்லாவிக்கும் ஒரே நகராட்சியாக இணைக்கப்பட்டன. கழகங்கள் மட்டும் இணையவில்லை. 2002இன் இறுதித் தொடரில் நியார்த்விக் கெஃப்லாவிக்கை 3-0 என்று வீழ்த்தியபோது, தோற்றவர்களும் வென்றவர்களும் ஒரே நகராட்சிக்கு வரி கட்டுபவர்களாக இருந்தார்கள். எதிரி அடுத்த தெருவில் இருக்கும்போது பயிற்சியில் யாரும் சோம்பியிருக்க முடியாது. ரசிகர்கள் சிங்கக் குகை என அழைத்த நியார்த்விக்கின் சிறிய அரங்கில், பார்வையாளர்கள் எல்லைக் கோட்டை ஒட்டியே அமர்ந்திருப்பார்கள்.

வடதிசை:
விரிவான விளக்கங்களுக்கு நன்றி. கடைசிப் பட்டம் வந்த 2006ஆம் ஆண்டின் செப்டம்பரிலேயே அமெரிக்கப் படையும் வெளியேறியிருக்கிறது. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாமா?

மூன்றுபுள்ளி:
ஒதுக்கலாம். படை போன மறு வசந்தத்திலேயே, 2007இல், நியார்த்விக் மீண்டும் இறுதித் தொடருக்குச் சென்று கே.ஆரிடம் தோற்றது. மாறியது தலைநகரின் வலிமைதான், அதே கே.ஆர். 2014 முதல் 2019 வரை தொடர்ந்து ஆறு பட்டங்களை வென்றது. நியார்த்விக்கும் ஓய்ந்துவிடவில்லை. 2021இல் ஆடவர் அணி, லீக் பட்டத்திலிருந்து வேறான தேசியக் கோப்பையை வென்றது. 2022இல் மகளிர் அணி, மேல்நிலை லீக்குக்கு உயர்ந்த முதல் பருவத்திலேயே தேசியப் பட்டத்தை வென்றது. 2024இல் கழகம் சிங்கக் குகையை விட்டுப் புதிய, பெரிய அரங்கத்துக்கு மாறியிருக்கிறது.